உயர்திணையின் எல்லை: கூட்ஸியின் ‘விலங்குகளின் வாழ்வுகள்’ எழுப்பும் வினாக்கள்

1

தமிழ் இலக்கணம் கற்கத் தொடங்கும் மாணவர் முதன்முதலிற் சந்திக்கும் பாகுபாடுகளுள் ஒன்று உயர்திணை, அஃறிணை என்பதாகும். மக்களைச் சுட்டுவன உயர்திணை எனவும், அவரல்லாத ஏனைய யாவும் அஃறிணை எனவும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே வகுத்துவிடுகின்றார். இதன் விளைவாகக் கல்லும் கன்றும் ஒரே வினைமுடிபைப் பெறுகின்றன. கல் கிடந்தது, கன்றும் கிடந்தது. ஒன்று வலியை அறியும், மற்றது அறியாது என்னும் வேறுபாட்டுக்கு இப்பாகுபாட்டில் இடமில்லை.

இஃது இலக்கண வசதி கருதிய வகுப்பேயன்றி அறநெறி பற்றிய தீர்ப்பன்று எனக் கூறி நாம் அமைதி கொள்ளலாம். அக்கூற்றில் உண்மையும் உண்டு. ஆயினும், பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை முடிபு பெறும் சொற்கள் சிலவற்றைக் கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் தொகுத்துக் காட்டுகின்றார். குழவி, அடிமை ஆகிய சொற்கள் அத்தொகுதியில் இடம்பெறுகின்றன. அரசு என்னும் சொல்லும் அங்கேயே இடம்பெறுவதால், இதனை இழிவுபடுத்தும் நோக்குடைய விதியெனக் கொள்வது தவறாகும். எனினும், மக்கள் என்னும் வகுப்புக்குரிய ஒருவர் மொழியளவிலேனும் அவ்வகுப்பின் எல்லைக்கு வெளியே நிற்க நேரலாம் என்பதை அவ்விதி உணர்த்துகின்றது. மரபியலிலோ இதற்கு எதிர்த்திசையில் ஓர் அசைவைக் காண்கின்றோம். ஓரறிவு முதலாக உயிர்களை வகைப்படுத்தி வந்து, மக்களே ஆறறிவுயிர் எனக் கூறிய கையோடு, அக்கிளையைச் சேர்ந்த பிறப்புக்கள் பிறவும் உள எனத் தொல்காப்பியர் சேர்த்துவிடுகின்றார். கோட்டினை வரைந்த கையே அதனைச் சற்று அழித்தும் விடுகின்றது.

மனிதன் யார், மனிதனல்லாதது எது, அக்கோட்டினை வரையும் உரிமை யாருடையது என்னும் வினாக்கள் இலக்கணத்தோடு முடிந்துவிடுவன அல்ல. ஐரோப்பிய மெய்யியலிலும் நவீன இலக்கியத்திலும் அவை வேறு உருவங்களில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளன. தென்னாபிரிக்க நாவலாசிரியரான ஜே. எம். கூட்ஸி 1999இல் வெளியிட்ட ‘விலங்குகளின் வாழ்வுகள்’ என்னும் சிறு நூல் இவ்வினாக்களை ஒருங்கே எழுப்புவது. அந்நூலை மையமாகக் கொண்டு மானிடவாதத்தின் எல்லைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மானிடவாதம் என்னும்போது, மனிதனையே எல்லாப் பெறுமானங்களுக்கும் அளவுகோலாகக் கொள்ளும் நோக்கினை இங்கு கருதுகின்றோம். மதபீடத்தின் ஆதிக்கத்துக்கும் நிலப்பிரபுத்துவத்தின் பிறப்புரிமைக்கும் எதிராக அந்நோக்கு ஆற்றிய வரலாற்றுப் பணி மறுக்கவியலாதது. ஆயினும் மனிதனை உயர்த்துவதற்கு அது கையாண்ட வழி யாது? மனிதனிடம் உள்ளதும் விலங்கிடம் இல்லாததுமான ஓர் ஆற்றலைச் சுட்டி, அவ்வாற்றலே மாண்பின் அடிப்படை என நிறுவுவதே அவ்வழியாகும்.

1637இல் வெளிவந்த தமது நூலில் டெக்காட் விலங்குகளைத் தாமே இயங்கும் பொறிகளுக்கு ஒப்பிட்டார். சொற்களை இடத்துக்கேற்ப இணைத்து மறுமொழி கூற அவற்றால் இயலாமையே அவற்றிடம் பகுத்தறிவு இல்லை என்பதற்கு அவர் காட்டிய சான்று. கான்ற் இத்துணைக் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் அவருடைய அறவியலிலும் விலங்கு ஒரு சாதனமேயன்றித் தன்னளவில் நோக்கமாகாது. நாயிடம் கொடுமை செய்வது தவறு. ஏனெனில் அது மனிதரிடமும் கொடுமை செய்யும் மனத்தை வளர்க்கும் என்பது அவர் கருத்து. இங்கு நாய்க்குச் செய்யப்படும் தீங்கு நாய்க்குச் செய்யப்பட்டதாகவே எண்ணப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பெந்தாம் 1789இல் எழுதிய ஓர் அடிக்குறிப்பில் வினாவையே மாற்றியமைத்தார். பகுத்தறிய வல்லனவா, பேச வல்லனவா என்பதை விடுத்து, துன்புற வல்லனவா என்றே வினவவேண்டும் என்றார். தோலின் கருமை ஒருவரைக் கொடுமைக்கு ஆளாக்கப் போதிய காரணமாகாது என்று பிரெஞ்சுக்காரர் உணரத் தொடங்கியதை அவர் அதே இடத்திற் குறிப்பிடுவது தற்செயலன்று. அடிமையையும் விலங்கையும் எல்லைக்கு வெளியே நிறுத்திய கோடு ஒன்றே என்பதை அவர் கண்டுகொண்டார். பீற்றர் சிங்கர் 1975இல் எழுதிய ‘விலங்கு விடுதலை’ இச்சிந்தனையின் நேரடி வாரிசு எனலாம்.

முற்போக்குச் சிந்தனை மரபும் இவ்விடயத்தில் முற்றாக விலகி நின்றதெனக் கூறுவதற்கில்லை. மூலதனத்தின் முதலாம் பாகத்தில் மாக்ஸ் கட்டடக் கலைஞனையும் தேனீயையும் ஒப்பிடுகின்றார். எத்துணைத் திறமையாகக் கூடு கட்டினும், கட்டுவதற்கு முன் அதனை மனத்தில் உருவாக்கும் ஆற்றல் தேனீக்கு இல்லை என்பது அவருடைய வாதம். 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில், முதலாளித்துவ உற்பத்தி தொழிலாளியை விலங்கு நிலைக்குத் தாழ்த்துகின்றது என அந்நியமாதல் பற்றி அவர் எழுதியவை நமக்கு நன்கு அறிமுகமானவை. அக்கண்டனத்தின் நியாயத்தை ஏற்கும் அதே வேளையில், அங்கு விலங்கு என்பது இழிநிலையின் பெயராகவே நிற்கின்றது என்பதையும் நாம் கவனிக்காமல் இருக்கமுடியாது.

3

கூட்ஸியின் நூல் மெய்யியல் ஆய்வுநூலன்று, நாவலெனவும் கூறமுடியாது. அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் 1997இல் பேருரை நிகழ்த்த அழைக்கப்பட்ட கூட்ஸி, மேடையேறி ஒரு கதையை வாசித்தார். அக்கதையில் எலிசபெத் கொஸ்டெல்லோ என்னும் வயது முதிர்ந்த அவுஸ்திரேலிய நாவலாசிரியர் ஓர் அமெரிக்கக் கல்லூரிக்குப் பேருரை நிகழ்த்த அழைக்கப்படுகின்றார். தமது நாவல்களைப் பற்றிப் பேசுவார் என எதிர்பார்த்தோரிடம் அவர் விலங்குகளைப் பற்றிப் பேசுகின்றார். அவருடைய மகன் யோன் அக்கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிப்பவன். மருமகள் நோமா மெய்யியலிற் பட்டம் பெற்றவள், மாமியாரின் கருத்துக்களை வெறுப்பவள். பேருரைகள் இரண்டு, ஓர் இரவு விருந்து, ஒரு விவாதம், விமான நிலையம் நோக்கிய ஒரு பயணம் ஆகிய இவ்வளவே கதை.

இவ்வடிவத்தைச் சிலர் குறையாகக் காண்பர். பாத்திரத்தின் பின்னால் ஆசிரியர் மறைந்துகொள்கின்றார், எந்தக் கூற்றுக்கும் பொறுப்பேற்க மறுக்கின்றார் என்பது அவர்களது குற்றச்சாட்டு. நூலுடன் சேர்த்து வெளியிடப்பட்ட மறுமொழிகளுள் சிங்கருடையதும் ஒன்று. அவரும் ஒரு கதை வடிவிலேயே மறுமொழி எழுதி இச்சங்கடத்தைச் சுட்டினார். ஆனால் கதை வடிவம் இங்கு ஒரு பணியை நிறைவேற்றுகின்றது. வாதம் ஒன்றினைக் கேட்கும்போது அது சரியா, பிழையா என்று மட்டுமே நாம் ஆராய்கின்றோம். கதையிலோ, வாதத்தைக் கூறும் உடலையும் சேர்த்தே காண்கின்றோம். கொஸ்டெல்லோ களைத்துப்போன கிழவி. அவருடைய பேருரை ஒழுங்கற்றது. தாவித் தாவிச் செல்வது. விருந்தின்போது கல்லூரித் தலைவர், தாங்கள் மரக்கறி உண்பது ஒழுக்க நம்பிக்கையினாலா என மரியாதையாக வினவ, அன்று, என் ஆன்மாவைக் காத்துக்கொள்ளும் விருப்பத்தினால் என்கின்றார். அவ்வாழ்க்கை முறையைத் தாம் மதிப்பதாகத் தலைவர் கூறியதும், தாம் அணிந்திருப்பது தோற் சப்பாத்து, தூக்கி வந்திருப்பது தோற்பை என்பதைச் சுட்டி அம்மதிப்பையும் மறுத்துவிடுகின்றார்.

தன்னைத் தூயவராகக் காட்டிக்கொள்ளாத இப்பண்பே பாத்திரத்தின் வலிமை. நமது சமூகத்தில் மரக்கறி உணவு இரக்கத்தின் அடையாளமாக விளங்கியதைவிடச் சாதித் தூய்மையின் அடையாளமாக விளங்கியதே அதிகம். ‘சைவம்’ என்னும் சமயப் பெயரே உணவின் பெயராகவும் வழங்கும் யாழ்ப்பாணத்தில், எறும்புக்கும் இரங்கவேண்டும் என்று போதித்தவர்களிற் பலர் கோயிற் கதவைச் சக மனிதருக்குத் திறக்க மறுத்தனர் என்பதற்கு 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் சான்றாகும். ஆகவே, விலங்குக்காகப் பேசும் குரலைக் கேட்கும்போது நம்மிடம் எழும் ஐயம் நியாயமானதே. அவ்வையத்தைக் கொஸ்டெல்லோ தமது தோற் சப்பாத்தைக் காட்டித் தாமே முந்திக்கொண்டு எழுப்பிவிடுகின்றார்.

4

பேருரையின் தொடக்கத்தில் கொஸ்டெல்லோ காஃப்காவின் சிறுகதை ஒன்றை நினைவூட்டுகின்றார். 1917இல் வெளிவந்த ‘கல்விக் கழகத்துக்கு ஓர் அறிக்கை’ என்னும் அக்கதையில், சிவப்புப் பீற்றர் எனப் பெயரிடப்பட்ட மனிதக்குரங்கு ஒன்று அறிஞர் அவையின் முன் நின்று தான் மனிதனான வரலாற்றை எடுத்துரைக்கின்றது. மேற்காபிரிக்காவின் பொற்கரையிற் சுடப்பட்டுப் பிடிபட்டு, கப்பற் கூண்டில் அடைக்கப்பட்ட அது, கைகுலுக்கவும் சுங்கான் புகைக்கவும் மது அருந்தவும் பின்னர் பேசவும் கற்றுக்கொள்கின்றது. தான் நாடியது சுதந்திரத்தையன்று, வெளியேற ஒரு வழியை மட்டுமே என்று அது கூறுவது கதையின் உயிர்நிலையாகும். மனிதனாவது அதற்கு உயர்ச்சியன்று. கூண்டிலிருந்து தப்பும் ஒரே வாயில்.

ஆள்வோரின் மொழியையும் உடையையும் நடையையும் கற்றுத் தேறியபின் அவர்கள் அவையில் ஏறிப் பேச அனுமதி பெற்ற வகுப்பொன்றினைக் குடியேற்ற நாடுகள் அனைத்தும் கண்டுள்ளன. நமது நாடும் அதற்கு விலக்கன்று. அவ்வனுபவமுடையோர் இக்கதையை வெறும் விலங்குக் கதையாக வாசித்தல் அரிது. அரைகுறையாகப் பழக்கப்பட்ட சிம்பன்சிப் பெண் ஒன்று இரவில் சிவப்புப் பீற்றருக்குத் துணையாகின்றது. பகலிலோ அதனைக் காண அவனால் இயலவில்லை. குழம்பிப்போன உயிரின் பித்து அதன் கண்களில் தெரிகின்றது. தேர்ச்சி பெற்றவன், தேர்ச்சி பெறாத தன் இனத்தை எதிர்கொள்ள அஞ்சும் நிலை இது.

காஃப்காவின் கதை வெளியான அதே ஆண்டில், தெனெரிப் தீவில் மனிதக்குரங்குகளைக் கொண்டு பரிசோதனை நடத்திய கோலர் என்னும் உளவியலாளரின் நூலும் வெளிவந்தது. சுல்தான் என்னும் சிம்பன்சி, எட்டாத உயரத்தில் தொங்கும் வாழைப்பழத்தைப் பெறப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கற்றது. கொஸ்டெல்லோ அக்காட்சியைச் சுல்தானின் பக்கத்திலிருந்து காண முயல்கின்றார். நேற்றுவரை உணவு தந்தவர் இன்று ஏன் தரவில்லை, நான் அவருக்கு என்ன செய்தேன் என்பதே அவ்வுயிருள் எழும் வினாவாக இருக்கலாம். ஆனால் பரிசோதனையில் அவ்வினாவுக்கு இடமில்லை. பெட்டிகளைக் கொண்டு பழத்தை எவ்வாறு எடுப்பது என்னும் எண்ணம் ஒன்றே சரியான எண்ணமாகக் கணிக்கப்படுகின்றது. அறிவை அளப்பவர், அளக்கத்தக்க அறிவு எது என்பதையும் தாமே முடிவு செய்துவிடுகின்றார். நீதியைப் பற்றிய வினா, கருவியைப் பற்றிய வினாவாகச் சுருங்கிவிடுகின்றது.

இதே பேருரையில் தமிழ் வாசகரைத் திடுக்கிட வைக்கும் இடம் ஒன்றுண்டு. பகுத்தறிவே பிரபஞ்சத்தின் சாரமா என்னும் வினாவை ஆராயும்போது கொஸ்டெல்லோ கணிதமேதை இராமானுஜனை உதாரணமாகக் கொள்கின்றார். சென்னையிலிருந்து கேம்பிறிட்ஜுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள காலநிலையும் உணவும் கல்வி முறையும் ஒவ்வாது நோயுற்று இளமையிலேயே இறந்தவர் என அவரை வருணிக்கும் முறையிலே, பிடிபட்டுக் கொண்டுசெல்லப்பட்ட குரங்கின் கதை எதிரொலிக்கின்றது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த இராமானுஜன் 1914இல் இங்கிலாந்து சென்றார். 1918இல் றோயல் கழகத்தின் உறுப்பினரானார். 1919இல் நாடு திரும்பி அடுத்த ஆண்டே மறைந்தார். அவருடைய கணித முடிவுகளைக் கேம்பிறிட்ஜ் அறிஞர்கள் நிறுவிக் காட்டியிராவிடின் அவை அறிவாகக் கருதப்பட்டிருக்குமா என்பதே கொஸ்டெல்லோவின் வினா.

தமிழ்நாட்டு மேதை ஒருவரைக் குரங்கின் அருகில் நிறுத்துவது நமக்கு முதலிற் சினத்தையே தருகின்றது. அச்சினத்தை உடனே அடக்கிவிடாது ஆராய்தல் பயனுடையது. இங்கு இழிவுபடுத்தப்படுபவர் இராமானுஜன் அல்லர். இன்னொருவரின் அறிவை நிறுவித் தருமாறு கேட்கும் அதிகாரமே விசாரணைக்கு உள்ளாகின்றது. ஆயினும், கூட்ஸி கவனியாது விட்ட ஒரு நுட்பமும் இதிலுண்டு. தாமாகக் கடல் கடந்து சென்றவர் இராமானுஜன். கடிதங்களை எழுதித் தமது அறிவுக்குக் களம் தேடியவரும் அவரே. கொண்டுசெல்லப்பட்டவர் என அவரைக் குறிப்பது, அவருடைய சொந்த முயற்சியையும் தெரிவையும் அவரிடமிருந்து பறித்துவிடுகின்றது. ஒடுக்கப்பட்டவருக்காக இரங்கும் மொழியே சிலவேளைகளில் அவரைப் பேச்சற்றவராக்கிவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

5

நூலின் மிகக் கடினமான பகுதி இனிமேல்தான் வருகின்றது. நவீன இறைச்சித் தொழிற்சாலைகளையும் கொல்களங்களையும் நாசிகளின் வதைமுகாம்களுக்குக் கொஸ்டெல்லோ ஒப்பிடுகின்றார். முகாம்களின் அயலில் வாழ்ந்தோர் அறியாதவர் போல இருந்தனர். நாமும் அவ்வாறே இருக்கின்றோம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அன்றிரவு விருந்துக்கு வர மறுத்த ஏப்பிரகாம் ஸ்ரேண் என்னும் முதிய கவிஞர் ஒரு சிறு கடிதம் விடுத்துச் செல்கின்றார். யூதர் கால்நடைகளைப் போல நடத்தப்பட்டனர் என்பதிலிருந்து, கால்நடைகள் யூதரைப் போல நடத்தப்படுகின்றன என்னும் முடிவு பெறப்படாது. அவ்வாறு தலைகீழாக்குவது இறந்தோரின் நினைவை அவமதிப்பதாகும் என்பது கடிதத்தின் சாரம்.

ஸ்ரேணின் கண்டனம் சரியானது என்றே நாம் கருதுகின்றோம். கொல்களத்தில் மாட்டினை வெறுப்பவர் எவருமிலர். அதன் இனத்தையே உலகினின்றும் அழிக்கவேண்டும் என்னும் கொள்கையும் அங்கில்லை. வதைமுகாமிலோ வெறுப்பும் அழித்தொழிக்கும் நோக்கமும் ஒன்றிணைந்திருந்தன. ஒரு துன்பத்தை விளக்குவதற்கு இன்னொரு துன்பத்தை உவமையாக்கும்போது, உவமையாக நின்றோர் தமது வரலாற்றை இழக்கின்றனர். கொஸ்டெல்லோ அக்கடிதத்துக்கு மறுமொழி கூறுவதாகக் கூட்ஸி எங்கும் காட்டவில்லை. அம்மௌனம் கதையின் நேர்மைக்கு அடையாளமாகும்.

ஆயினும் ஸ்ரேணின் கண்டனத்தோடு வினா முடிந்துவிடுகின்றதா? மக்களை அழித்தவர்கள் அழிப்பதற்கு முன் அவர்களுக்கு விலங்கின் பெயரையே சூட்டினர் என்பது வரலாறு. 1940இல் நாசிகள் தயாரித்த பிரசாரத் திரைப்படம் ஒன்று யூதரை எலிக்கூட்டத்தோடு இணைத்துக் காட்டியது. 1994இல் றுவாண்டாவில் துட்சி மக்கள் கரப்பான்பூச்சிகள் என வானொலியில் அழைக்கப்பட்டனர். குடியேற்றவாதி தன் ஆட்சிக்குட்பட்டோரைப் பற்றிப் பேசும்போது விலங்கியலின் மொழியையே கையாள்கின்றான் எனப் பிரான்ஸ் பனோன் 1961இல் எழுதினார். அவருக்கு முன்னரே ஏமே செசேர், பிறரை விலங்காகக் காணப் பழகும் குடியேற்றவாதி ஈற்றில் தானே விலங்காகின்றான் என எச்சரித்தார். இந்நிகழ்வுகள் அனைத்திலும் ஒரு பொதுவான தர்க்கம் உண்டு. விலங்கினைக் கேள்வியின்றிக் கொல்லலாம், இவர்கள் விலங்குகள், ஆகவே இவர்களையும் கொல்லலாம். இவ்வனுமானத்தின் இரண்டாவது கூற்றினையே மானிடவாதம் மறுத்து வந்துள்ளது. முதலாவது கூற்று கைபடாமல் எஞ்சியுள்ளது.

பிரெஞ்சு மெய்யியலாளரான இம்மானுவேல் லெவினாஸின் அனுபவம் ஒன்று இங்கு பொருத்தமுடையது. லித்துவேனியாவிற் பிறந்த யூதரான அவர், பிரெஞ்சுப் படையிற் பணியாற்றி 1940இல் ஜேர்மனியரிடம் போர்க்கைதியானார். படைச் சீருடை அவருடைய உயிரைக் காத்தது. லித்துவேனியாவிலிருந்த அவருடைய குடும்பத்தினர் கொல்லப்பட்டனர். 1975இல் எழுதிய குறுங்கட்டுரையில் லெவினாஸ் முகாம் வாழ்வினை நினைவுகூருகின்றார். காட்டில் வேலை செய்யச் சென்று வந்த யூதக் கைதிகளைக் கடந்து சென்ற ஆண்களும் பெண்களும் சிறுவரும் ஏறெடுத்துப் பார்த்த பார்வை, அவர்களிடமிருந்து மனிதத் தோலையே உரித்தெடுத்தது. அந்நிலையில் எங்கிருந்தோ வந்த ஒரு நாய் சில வாரங்கள் அவர்களுடன் தங்கியது. கைதிகள் அதற்குப் பொபி எனப் பெயரிட்டனர். காலையில் அணிவகுக்கும்போதும் மாலையில் திரும்பும்போதும் அது துள்ளிக் குரைத்து அவர்களை வரவேற்றது. அந்நாயின் கண்ணில் அவர்கள் மனிதராகவே இருந்தனர் என்பதில் ஐயமில்லை. பின்னர் காவலர் அதனைத் துரத்திவிட்டனர்.

நாசி ஜேர்மனியின் கடைசிக் கான்றியவாதி அந்நாயே என லெவினாஸ் கூறுவதில் கசப்பான அங்கதம் தொனிக்கின்றது. ஆனால் உடனேயே, தன் ஒழுக்க விதிகளைப் பொதுவிதிகளாக்கும் மூளை அதற்கில்லை எனவும் சேர்த்துவிடுகின்றார். பாராட்டிய வாயினாலேயே அதனை மீண்டும் எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுகின்றார். பிறரது முகமே நமக்குக் கொல்லாதே எனக் கட்டளையிடுகின்றது என்னும் அறவியலை வகுத்தவர் அவர். விலங்குக்கு முகம் உண்டா என 1986இல் வினவப்பட்டபோது, பாம்புக்கு முகம் உண்டா என்பதற்குத் தம்மால் விடைகூற முடியவில்லை என்றார். இத்தயக்கத்தை நாம் ஏளனம் செய்தல் தகாது. மனிதத் தோல் உரிக்கப்பட்ட ஒருவர் அத்தோலை இறுகப் பற்றிக்கொள்வது இயல்பே. ஆயினும் கைதிகளை மனிதராக ஏற்றுக்கொண்ட அவ்வுயிருக்கு அறத்தில் எவ்விடமும் இல்லையெனின், அவ்வறத்தின் அடித்தளத்தில் ஏதோ குறையுண்டு என்றே கருதவேண்டியுள்ளது.

6

இக்கட்டுரையின் கருத்துக்களை நண்பர் ஒருவருடன் கலந்துரையாடியபோது அவர் கேட்ட கேள்வி என்னை நெடுநாள் உறுத்தியது. காணாமலாக்கப்பட்டோருக்காகத் தாய்மார் இன்னும் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் நாட்டில், மனிதருக்கே விடை கிடைக்காத நாட்டில், நீ மாட்டுக்காக எழுதுகின்றாயா என அவர் வினவினார். அக்கேள்வியில் உள்ள சினம் ஸ்ரேணின் சினமே. அதற்கு எளிதான மறுமொழி இல்லை. மனிதத் துயரினின்றும் தப்பியோடும் வழியாக விலங்கன்பு அமையக்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை. விலங்குகளின் பாதுகாப்புக்கான சட்டமொன்றினை 1933இல் இயற்றிய நாசி அரசு பின்னர் செய்தவற்றை உலகு அறியும்.

ஆனால் அவ்வினா ஒரு மறைவான எண்ணத்தின்மீது கட்டப்பட்டுள்ளது. இரக்கம் என்பது அளவாகக் கிடைக்கும் பங்கீட்டு அரிசி போன்றது, விலங்குக்கு ஒரு கொத்து அளந்தால் மனிதனுக்கு ஒரு கொத்து குறைந்துவிடும் என்பதே அவ்வெண்ணம். மேலே நாம் கண்ட வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. நாங்கள் விலங்குகளல்லர், மனிதர் என்று ஒடுக்கப்பட்டோர் எழுப்பும் குரல் நியாயமானது. அதனை எழுப்பும் உரிமை அவர்களுக்கு எப்போதும் உண்டு. எனினும், விலங்கு என்று அழைக்கப்படுவதே கொல்லப்படுவதற்கான அனுமதியாக இருக்கும்வரை, மனிதன் என்னும் பெயர் எவருக்கும் நிலையான காவலாகாது. அப்பெயரை வழங்குபவரும் பறிப்பவரும் அதிகாரமுடையோராகவே இருப்பர். ஆகவே விலங்கு பற்றிய வினா மனிதன் பற்றிய வினாவுக்குப் போட்டியன்று. அதன் அடிநிலையில் கிடக்கும் வினாவாகும்.

கூட்ஸியின் நூலில் ஒரு பெருங்குறையும் உண்டு. நாம் கொல்கின்றோம், நாம் உண்கின்றோம் என்று கொஸ்டெல்லோ பேசும்போது அந்த ‘நாம்’ வர்க்கப் பேதமற்றதாக உள்ளது. கொல்களத்தில் கத்தி பிடிப்பவர் யார்? சிக்காகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளைக் கொஸ்டெல்லோ குறிப்பிடுகின்றார். அங்கு வேலை செய்தோரைக் குறிப்பிடவில்லை. அத்தொழிற்சாலைகளில் உழைத்த லித்துவேனியக் குடியேறிகளின் சீரழிவை அப்டன் சிங்களேயர் 1906இல் ‘காடு’ என்னும் நாவலாக்கினார். தொழிலாளரின் துயரை எடுத்துரைக்க அவர் எழுதினார். வாசகரோ இறைச்சியின் சுத்தத்தைப் பற்றியே கவலை கொண்டனர். அதே ஆண்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறியது. உண்பவரின் வயிறு காக்கப்பட்டது. உழைப்பவரின் உடலும் விலங்கின் உடலும் இருந்தவிடத்திலேயே இருந்தன. இரண்டையும் ஒரே பட்டியில் ஏற்றி நகர்த்தியது ஒரே இலாப நோக்கு என்பதைக் கொஸ்டெல்லோ கண்டிருப்பாராயின், வதைமுகாம் உவமையின் உதவியின்றியே அவருடைய வாதம் வலுப்பெற்றிருக்கும். பரிவுணர்வுடைய கற்பனைக்கு எல்லையில்லை என அவர் கூறுவது உண்மையாகலாம். அக்கற்பனை கூலியுழைப்பின் வாசலில் நின்றுவிட்டது என்பதே நமது வருத்தம்.

மானிடவாதத்தைக் கைவிட வேண்டும் என்பது இதன் முடிவன்று. பனோன் ஐரோப்பாவின் மானிடவாதத்தைக் கடுமையாகத் தாக்கிய நூலின் இறுதியிலும் புதிய மனிதன் ஒருவனைப் படைக்கவேண்டும் என்றே அழைப்பு விடுத்தார். மனிதனுக்கும் ஏனைய உயிர்களுக்குமிடையே வேறுபாடு உண்டு. தான் செய்வதற்கு விடை சொல்லக் கடமைப்பட்ட உயிர் மனிதன் மட்டுமே. மாடு நம்மிடம் அறம் பேசக் கடமைப்பட்டதன்று, நாமே கடமைப்பட்டோம். இவ்வேறுபாட்டைச் சலுகையாக விளங்கிக்கொண்டதே பழைய மானிடவாதத்தின் பிழை. அதனைப் பொறுப்பாக விளங்கிக்கொள்வதே நாம் வேண்டி நிற்கும் மானிடவாதமாகும்.

கதையின் முடிவில் யோன் தன் தாயை விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்கின்றான். எல்லோரும் அன்பானவர்களாகவே தெரிகின்றனர். அவர்களே இப்பெருங்குற்றத்தில் பங்குகொள்கின்றனர் என்பதைத் தன்னால் ஏற்கவோ மறக்கவோ முடியவில்லை என அவர் அழுகின்றார். மகனிடம் வாதம் எதுவும் இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, அவரை அணைத்து, விரைவில் முடிந்துவிடும் என்கின்றான். முதுமையின் வாடை அவன் மூக்கில் ஏறுகின்றது. எது முடிந்துவிடும் என்பதைக் கூட்ஸி கூறவில்லை. சாகக்கூடிய ஓர் உடலை இன்னோர் உடல் அணைத்திருக்கும் அவ்விடத்தில், பகுத்தறிவு பற்றிய சர்ச்சை ஒரு கணம் ஓய்கின்றது.

திணை என்னும் சொல்லுக்கு ஒழுக்கம் எனவும் நம் உரையாசிரியர்கள் பொருள் கொண்டுள்ளனர். உயர்திணை என்பதனை உயர்ந்த குலம் எனக் கொள்வதா, உயர்ந்த ஒழுக்கம் எனக் கொள்வதா என்பது இலக்கண ஆராய்ச்சியில் ஒரு சிறு பொருளாக இருக்கலாம். அறத்தில் அது சிறு பொருளன்று. குலம் எனக் கொள்வோமாயின் அது பிறப்பினால் வாய்ப்பது. பிறரை வெளியே நிறுத்துவது. ஒழுக்கம் எனக் கொள்வோமாயின் அது ஒவ்வொரு நாளும் நாம் ஈட்டவேண்டியது. அஃறிணையிடத்தும் நாம் எவ்வாறு நடந்துகொள்கின்றோம் என்பதைக் கொண்டே அளக்கப்படுவது.